பட்டினிப் பாத்தி

பங்குனி 21

இன்று கொம்பையாவின் கால் முறிந்திருக்க வேண்டும். ஓங்கிய வேகத்தில் மம்பட்டி கணையிலிருந்து கழன்று வாய்க்காலில் விழுந்துவிட்டது. கையில் மிஞ்சிய வெறும் கம்பால் அவன் முழங்காலுக்குக் கீழே ஓர் அடி மட்டும் வைக்க முடிந்தது. நொண்டிக்கொண்டே ஓடினான். நான் மம்பட்டியைத் தேடி எடுத்துக் கழுவி வைத்தேன்.

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். பின்னால் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். நான் பள்ளிக்கூடம் போகாதவன். வாழைத்தார் லாரியில் கிளீனராக ஓடிய காலத்தில் கடைப் பலகைகளைப் பார்த்து எழுத்துக் கற்றேன். எனக்குப் பொய் எழுதத் தெரியாது.

கொம்பையா என் தம்பி மகன். தம்பி செத்த பிறகு வயலைப் பிரித்ததில் மேற்குப் பாகம் எனக்கு, கிழக்குப் பாகம் அவனுக்கு. ஆற்றுத் தண்ணீர் என் மடையைத் தாண்டித்தான் அவனுக்குப் போக வேண்டும். இன்று என் முறை முடியும் முன்பே மடையைத் திறந்துவிட்டு நின்றான். கேட்டதற்குச் சிரித்தான்.

“பெரியப்பா, பட்டினி போட்டு வளக்குத வாழைக்குத் தண்ணி மட்டும் எதுக்கு? அதையும் நிப்பாட்டிப் பாருங்க. டாக்டரம்மா அதுக்கும் ஒரு பட்டம் வாங்கிருவா.”

அதற்குத்தான் அடி.

அவன் சொன்னது என் மகள் பேச்சி செய்யும் ஆராய்ச்சியை. அவள் மண் விஞ்ஞானி. வேர் மண்ணிலிருந்து சத்தை எப்படி எடுக்கிறது என்பதுதான் அவள் படிப்பும் பிழைப்பும். என் வயலில் ரோட்டோரமாக இரண்டு பாத்தி பிரித்து நாட்டு வாழை வைத்திருக்கிறாள். ஒரு பாத்திக்கு எல்லா உரமும் உண்டு. மற்றதற்குப் பொட்டாஷ் கிடையாது. ஒன்பது வருடமாக ஒரு மணி கூடக் கிடையாது. அதற்கு ஊர் வைத்த பெயர் பட்டினிப் பாத்தி.

சாயங்காலம் வெந்நீர் அடுப்பைக் கூட்டிச் சாம்பலை அள்ளிக் கொட்டினேன். மம்பட்டிக்குக் கருவேலங் கணை சொல்லியிருக்கிறேன். அது கழலாது.

பங்குனி 22

கொம்பையா ஆஸ்பத்திரிக்குப் போனானாம். வீக்கம்தானாம். வருத்தம்தான்.

பங்குனி 26

பேச்சி போன் செய்தாள். வைகாசியில் ஆய்வுக் குழு வருகிறது. அவள் கண்டுபிடித்தது சரியா தவறா என்று என் வயலிலேயே தோண்டிப் பார்த்து முடிவு செய்வார்களாம். சரி என்றால் ஆராய்ச்சி முழுவதும் அவள் பொறுப்பில் வரும். தவறு என்றால் அவள் எழுதியதெல்லாம் குப்பை.

அவள் கண்டுபிடித்தது இது. பொட்டாஷ் இல்லாத பாத்தியில் முதல் இரண்டு வருடம் இலை ஓரம் கருகியது, தார் சிறுத்தது. பிறகு வாழை தேறிவிட்டது. உரம் போட்ட பாத்திக்கு ஈடாக இல்லை, ஆனால் பழுதில்லை. பசித்த வேர் தானே ஒரு புளிப்பு நீரைக் கசிந்து, களிமண்ணுக்குள் பூட்டிக் கிடக்கும் பொட்டாஷைக் கரைத்து எடுக்கிறது என்று எழுதினாள். வெளிநாட்டில் அச்சானது. அவள் துறைத் தலைவர் மட்டும், அதெப்படி, யாரோ உரம் வைக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். அந்த ஆளை நான் ஒரு நாள் பார்க்க வேண்டும்.

அந்தக் கட்டுரையின் கடைசியில், நிலம் தந்த விவசாயி ஒருவருக்கு நன்றி என்று போட்டிருக்கிறாள். ஒருவருக்கு. எனக்குப் பெயர் இல்லையா என்று கேட்டேன். அது வழக்கமில்லை என்றாள்.

சின்ன வயதில் நான் நட்ட கத்தரிக் கன்றுகளைப் பிடுங்கிப் பிடுங்கி வேரைப் பார்ப்பாள். ஒரு வரிசையையே பிடுங்கிய அன்று வாழை மட்டையால் அடித்தேன். மட்டை நார்நாராகக் கிழிந்தது. கையிலிருந்த கன்றை அவள் விடவில்லை. அந்தப் பிடிவாதம் என்னுடையது. வேளாண்மைக் கல்லூரி, தற்காலிக வேலை, மறுபடியும் தற்காலிக வேலை என்று அலைந்தாள். இடையில் ஒரு கல்யாணம். வேலையை விடச் சொல்லி மாப்பிள்ளை அவளை அடித்தான் என்று கேள்விப்பட்ட அன்றே மதுரைக்குப் பஸ் ஏறிப் போய் அவன் முன்பல்லைத் தட்டினேன். என் மகளை அடிக்க அவன் யார்?

சித்திரை 4

பேச்சி வந்து மண் எடுத்தாள். எப்போதும் வரிசைகளுக்கு நடுவிலிருந்து எடுப்பாள். இந்த முறை குழு கேட்டிருக்கிறதாம், வாழை மூட்டில், தண்டின் அடியில் வேரோடு ஒட்டிய மண்ணை எடுத்தாள். எடுக்கும்போது நான் கூடவே நின்றேன்.

பாத்திகளின் கோடியில் ஆள் உயரத்துக்கு ஒரு குழி வெட்டி, ஒரு பக்கம் கண்ணாடி பதித்து வைத்திருக்கிறாள். உள்ளே இறங்கிப் பார்த்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேர் வெள்ளையாக இறங்குவது தெரியும். அவள் அதன் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள்.

பஸ் நிறுத்தத்தில் நின்ற ஒருவன், “அண்ணாச்சி, இன்னைக்கு வாழைக்கு என்ன விரதம்? சஷ்டியா, சனிக்கிழமையா?” என்றான். ஒன்பது வருடமாக இதே கேள்வி. அவன் சைக்கிளைத் தூக்கி வாய்க்காலில் போட்டேன்.

கியாஸ் அடுப்புச் சோறு எனக்கு இறங்காது. என் வீட்டுக்காரி சொர்ணம் முணுமுணுத்துக்கொண்டே விறகடுப்பில் பொங்கினாள். பொங்கிச் சாப்பிட்டு, சாம்பல் அள்ளிக் கொட்டி, படுத்தாயிற்று.

சித்திரை 19

பேச்சி சொல்லாமல் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நடுவீட்டில் நின்றாள்.

“எப்பா, பட்டினிப் பாத்தியில யாராவது எதுவும் போட்டாவளா?”

“யாரு போடுவா? நான் இருக்கும்போது யாரு உள்ள கால் வைப்பா?”

“வேர் மண்ணுல பொட்டாஷ் ஏகமா இருக்கு. உரம் போட்ட பாத்தியவிடக் கூட.”

“நல்லதுதான? வேர் கரைச்சி எடுக்குன்னு நீதான சொன்ன?”

“வேர் கரைச்சிருந்தா மண்ணு புளிச்சிருக்கணும்பா. இது காரமா இருக்கு, சோப்புத் தண்ணி மாதிரி. வெளியேருந்து வந்த சரக்கு. துறைத்தலைவர் கையில இந்த ரிசல்ட்டு போயாச்சி. சிரிச்சிருப்பாரு.”

அவள் உட்கார்ந்தாள். சொர்ணம் கொண்டுவந்த காப்பியைத் தொடவில்லை. எனக்கு உடனே விளங்கிவிட்டது.

“கொம்பையா,” என்றேன். “பங்குனியில வாங்குன அடிக்குப் பழி வாங்கிட்டான். பொட்டாஷ் மூட்டையக் கொண்டாந்து கொட்டிட்டான்.”

“பொட்டாஷ் உரம் போட்டா மண்ணு இப்பிடிக் காரமாகாதுப்பா.”

“உனக்கு அவனப் பத்தித் தெரியாது.”

“எனக்குப் பொட்டாஷப் பத்தித் தெரியும்.”

நான் உரம் போடவில்லை. இது சத்தியம். உரம் போடாதே என்றாள், போடவில்லை. சாணம் கூடாது என்றாள், மாட்டையே அந்தப் பக்கம் விடவில்லை. பூச்சிமருந்தும் கூடாது என்றாள், வண்டு தின்றபோதும் தெளிக்கவில்லை. சொன்ன வாக்கை மீறியவன் நான் இல்லை. ஆகவே கொம்பையா.

சித்திரை 20

கொம்பையாவின் வாழைகளை யாரோ வெட்டிவிட்டார்கள். குலை தள்ளிய வாழைகள். எல்லாம் இடுப்பு உயரத்தில் ஒரே சீராக வெட்டுப்பட்டு, தார் மண்ணில் குத்திக் கிடக்கிறது. அவன் பெண்டாட்டி வரப்பில் புரண்டு அழுதாள். ஊரே போய்ப் பார்த்தது. நானும் போய்ப் பார்த்தேன். வெட்டியவன் கைதேர்ந்தவன்.

சொர்ணம் காலையிலிருந்து என் பனியனைத் துவைக்கிறாள். “வாழைக்கறை போவாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா? பழைய துணியப் போட்டுட்டுப் போயிருக்கலாம்ல?” என்கிறாள். வாழை வைத்திருக்கிறவன் பனியனில் கறை இருப்பது ஓர் அதிசயமா?

சித்திரை 25

இடது கையால் எழுதுகிறேன். வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு.

நேற்று முன்தினம் நல்ல வெயிலில், ரோட்டில் ஜனம் போய்க்கொண்டிருக்கும்போதே வந்தார்கள். கொம்பையாவும் அவன் மச்சினன்மார் இருவரும். நான் மடையில் நின்றேன்.

“வாங்கலே,” என்றேன். “மூணு பேரு போதுமா?”

“வாழை பிள்ளை மாதிரி, பெரியப்பா,” என்றான் கொம்பையா. அவன் கண் சிவந்திருந்தது. “என்னைய வெட்டிருக்கலாம்.”

“வரிசையில நில்லு. வெட்டுதேன்.”

முதல் மச்சினன் தோளில் கருவேலங் கணையால் போட்டேன். அவன் விழுந்தான். கணை கழலவில்லை. இரண்டாமவன் பின்னாலிருந்து கம்பியால் என் கையில் அடித்தான். எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. விழுந்ததும் விலாவில் மிதித்தார்கள். வாயில் மண். ஒரு பல் போயிற்று. அந்த மதுரைக்காரன் ஞாபகம் எதற்கோ வந்தது.

என்னை அவ்வளவுடன் விட்டுவிட்டார்கள். பிறகு கொம்பையா கல்லைத் தூக்கிக் குழிக்குள் போட்டான். கண்ணாடி உடைந்தது. மண் சுவர் பட்டினிப் பாத்தியின் முதல் வாழை வரைக்கும் சரிந்தது. அதைப் பார்த்தபோதுதான் நான் கத்தினேன்.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போயிருக்கிறது. அவன் மேல் நான், என் மேல் அவன்.

வைகாசி 2

பேச்சி குழிக்குள் இறங்கினாள். உடைந்த கண்ணாடியைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. துடைத்துக்கொண்டாள். சரிந்த மண்ணைச் சின்னக் கரண்டியால் சுரண்ட ஆரம்பித்தாள். வாழையின் மூடு இப்போதுதான் திறந்து தெரிகிறது. இத்தனை வருடமாகக் கண்ணாடி அதற்கு ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது.

நானும் சொர்ணமும் மேலே நின்றோம். பிறகு கையை உயர்த்திக் காட்டினாள்.

“எப்பா, இது என்ன?”

“கரி.”

“எங்கேருந்து வந்துச்சி?”

“மண்ணுல என்னமும் கெடக்கும்.”

“அடுக்கடுக்கா இருக்குப்பா. மேல வெள்ளச் சாம்பல், கீழ போகப்போகக் கரியும் தேங்காக் கதம்பைத் துண்டும். முழங்கை ஆழம் வரைக்கும் போவுது. இது ஒரு வருசத்துச் சரக்கு இல்ல.” அவள் என்னைப் பார்க்கவில்லை. “எம்மா, வெந்நி அடுப்புச் சாம்பல எங்க கொட்டுதிய?”

“நான் எங்க கொட்டுதேன்? ஒங்கப்பாதான் ஓலைப் பெட்டியில அள்ளிட்டுப் போவாரு. எங்க போறியன்னு கேட்டா வாய் பேசாது. கைதான் பேசும்.”

பேச்சி அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். குழிக்குள் உட்கார்ந்து, முழங்காலில் தலையை வைத்து, தோள் குலுங்கச் சிரித்தாள்.

“ஒம்பது வருசம் வேரப் பத்தி எழுதிருக்கேன்னு நெனச்சேம்மா. நம்ம வீட்டு வெந்நி அடுப்பப் பத்தி எழுதிருக்கேன்.”

சாம்பல் உரமா? உரம் கடையில் விற்பது. சாம்பல் குப்பை. வாழை மூட்டில் போட்டால் கிழங்கில் வண்டு ஏறாது. என் அப்பா போட்டார், அவர் அப்பா போட்டார். வாழை வைத்தவன் எவனும் சாம்பலை வேறு இடத்தில் கொட்டமாட்டான். அவள் கூடாது என்று சொன்ன சாமான்களில் சாம்பல் இல்லை. அவளே இந்த வீட்டில்தானே பிறந்தாள்? அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

இரண்டு பாத்தியில் அந்தப் பாத்திக்கு மட்டும் ஏன் என்று சொர்ணம் கேட்டாள். அது ரோட்டுப் பக்கம். கொட்ட வசதி. வேறு காரணம் இல்லை. அதன் இலை கருகி நின்ற வருடங்களில் நான் அந்த ரோடு வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வைகாசி 3

பேச்சிக்கு வழி சொன்னேன். கொம்பையா பொட்டாஷைக் கொட்டிவிட்டான் என்று குழுவிடம் சொல்லிவிடு. அடிதடி ஊருக்கே தெரியும், போலீசில் எழுத்து இருக்கிறது, நம்புவார்கள். இந்த வருடக் கணக்கு மட்டும் கெடும். மிச்ச எட்டு வருடமும் உன் பெயரில் நிற்கும்.

“அது பொட்டாஷ் இல்லப்பா.”

“அவனுவளுக்கு எப்பிடித் தெரியும்? குழிய மண்ணப் போட்டு மூடிருவோம்.”

“எனக்குத் தெரியும்ல?”

“உனக்குத் தெரிஞ்சா என்ன? உனக்கு வேலை வேணுமா வேண்டாமா?”

அவள் மறுக்கவில்லை. கரியை ஒரு பையில் போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு போனாள். சொல்லிவிடுவாள். என் ரத்தம்.

வைகாசி 9

குழு வந்தது. மூன்று பேர். கூடவே துறைத் தலைவர், வெயிலுக்குத் தொப்பி வைத்த ஆள். கொம்பையாவையும் வரச் சொல்லியிருந்தாள். அவன் கிழக்கு வரப்பில் நின்றான்.

நான் காத்திருக்கவில்லை. மாவுக்கட்டுப் போட்ட கையை நீட்டிக் காட்டி, “இவந்தான் சார். ராத்திரியோட ராத்திரியா மூட்டைய அவுத்துக் கொட்டுனவன் இவந்தான். என் கையப் பாருங்க,” என்றேன். துறைத் தலைவர் கொம்பையாவைப் பார்த்தார். குழுவில் ஒருவர் எழுத ஆரம்பித்தார். அந்த நிமிடம் எல்லாம் சரியாக இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும்.

“இல்ல சார்,” என்றாள் பேச்சி. “அவன் எதுவும் போடல. சாம்பல். எங்க வீட்டு அடுப்புச் சாம்பல். மூணாவது வருசத்துல இருந்தே விழுந்துருக்கு. நான் வாழை மூட்டுல மண் எடுக்காம நடு வரிசையில எடுத்தேன். அதனால பிடிபடல. தப்பு என்னுது. கட்டுரைய வாபஸ் வாங்கிக்கிடுதேன்.”

கரிப்பையைத் துறைத் தலைவர் கையில் கொடுத்தாள். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “நான் சொன்னேனே, மேடம்,” என்றார்.

கொம்பையாதான் பேசினான். கத்தவில்லை.

“அப்ப எக்கா, என் வாழைய எதுக்கு வெட்டுனாவ?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தொப்பிக்காரரும் பார்த்தார். என் வயலில், என் மகள், என்னைப் பங்காளி முன்னால் நிறுத்திவிட்டாள். என் இடது கை வீசியது. அவள் உதட்டில் பட்டது. பழகிய கையில்லை என்பதால் அடி சரியாக விழவில்லை. ஆனாலும் ரத்தம் வந்தது.

குழுவில் ஒருவர் ஓடி வந்து என்னைப் பிடித்தார். பேச்சி அவரை விடச் சொன்னாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

“அன்னைக்கும் வேரப் பாத்ததுக்குத்தான அடிச்சிய,” என்றாள்.

வண்டியில் ஏறிப் போய்விட்டாள். சொர்ணம் இரண்டு நாளாக... இல்லை, இன்று ஒரு நாள்தான். இரண்டு நாள் மாதிரி இருக்கிறது. என்னோடு பேசவில்லை.

வைகாசி 10

பட்டினிப் பாத்தியை யாரோ வெட்டிவிட்டார்கள். ஒன்று பாக்கியில்லை. இந்த முறை வெட்டு சீராக இல்லை. சில வாழைகளைக் கொத்திக் கொத்தியே சாய்த்திருக்கிறான். கிழங்கையும் தோண்டிப் பிளந்திருக்கிறான். கொம்பையா இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவன் மச்சினன் கல்யாணத்துக்குத் தூத்துக்குடி போயிருந்தானாம்.

வைகாசி 11

மாவுக்கட்டில் கறுப்பாகக் கறை. சொர்ணம் துடைக்க வரவில்லை. பார்த்துவிட்டுப் போய்விட்டாள். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் என் முகத்தைப் பார்க்கிறார்கள், அப்புறம் கட்டைப் பார்க்கிறார்கள், அப்புறம் காப்பி குடிக்காமலே எழுந்துவிடுகிறார்கள். ஒரு மாதம் இதைக் கழற்ற முடியாதாம்.

வைகாசி 29

பேச்சியின் ஆராய்ச்சியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். சொர்ணத்திடம் போனில் சொல்லியிருக்கிறாள். வேலை இருக்கிறது. மற்றவர்கள் கொண்டுவரும் மண்ணைப் பரிசோதிக்கிற வேலை.

ஆனி 12

கட்டு கழற்றினார்கள். கை ஒல்லியாக, வேறு ஒருவன் கை மாதிரி இருக்கிறது.

மடைக்குப் போனேன். கிழக்கு வயலில் பேச்சி நின்றாள். லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். சொந்தப் பொறுப்பில் செய்கிறாளாம், ஆராய்ச்சி நிலையத்துக்குச் சம்பந்தமில்லையாம். வெட்டுப்பட்ட வாழைகளை அப்புறப்படுத்திய இடத்தில் கயிறு கட்டி இரண்டு பாத்தி பிரிக்கிறாள். கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் கொம்பையா. அவனுக்கு இன்னமும் இடது கால் கொஞ்சம் இழுக்கிறது.

“என்ன பெரியப்பா, பாக்கியளா?” என்று கத்தினான். “எங்க வீட்டுல கியாஸ் அடுப்புதான். ஒரு பொட்டுச் சாம்பல் விழாது. நீங்க பயப்படாண்டாம்.”

மம்பட்டி கையில் இருந்தது. கருவேலங் கணை. தூக்கிப் பார்த்தேன். மணிக்கட்டு தாங்கவில்லை.

பேச்சி நிமிர்ந்து பார்த்தாள். உதட்டில் தழும்பு. நான் பார்ப்பது தெரிந்ததும் குனிந்து அடுத்த முளையை அடித்தாள். முதலில் இருந்து ஆரம்பிக்கிறாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் கண்டுபிடித்து முடிக்கும்போது நான் இருக்கமாட்டேன். யாருக்கு நன்றி போடுவாள்? கொம்பையாவுக்கு. ஒருவருக்கு என்றுதான் போடுவாள். அது வழக்கம்.

ஆனி 14

மேல்காற்று தொடங்கிவிட்டது. தென்னை மட்டையெல்லாம் கிழக்குப் பார்த்து வீசுகிறது. துணி காய்வதற்குள் கொடி அறுந்தது.

சாம்பலை அள்ளிக்கொண்டு வழக்கமான இடம் வரைக்கும் போனேன். அங்கே வாழை இல்லை, வெறும் குழிகள். பெட்டியைக் கவிழ்க்கப் போனபோது மேலே இருந்த சாம்பல் எழும்பி வரப்பைத் தாண்டிப் பறந்தது. அந்தப் பக்கம் பேச்சி நேற்று நட்ட கன்றுகள்.

பெட்டியை நெஞ்சோடு அணைத்து மூடிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி வந்தேன். கொல்லையில் குழி வெட்டி, தண்ணீர் தெளித்து, சாம்பலைப் போட்டு மண்ணால் மூடி மிதித்தேன். இந்தக் கையால் வெட்ட வெகுநேரம் ஆயிற்று. சொர்ணம் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

யார் சொல்லியும் இல்லை. காற்று அப்படி.

நாளையிலிருந்து கியாசிலேயே பொங்கச் சொல்லிவிட்டேன்.